‘அக்செப்ட் ஆல்’ அழுத்தாமல் வாழ்வது எப்படி?

வெளிநாட்டுப் பத்திரிகையின் இணையதளத்தில் ஒரு செய்தியைப் படிக்க உத்தேசித்திருப்பவர் முதலில் செய்ய வேண்டிய காரியம், என்ன படிக்க வந்தோம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. பக்கம் திறந்ததும் தலைப்பின் முதல் இரண்டு வார்த்தைகள் கண்ணில் படும். மூன்றாவது வார்த்தைக்குள் கீழேயிருந்து ஒரு பலகை எழும்பித் திரையை மறைத்துவிடும். ‘உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்’ என்று ஆரம்பிக்கும். அதற்கு உரிய பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, லார்ட்ஸில் யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்று பார்க்க வந்தோமா, எலுமிச்சை கேக்குக்கு எத்தனை முட்டை என்று பார்க்க வந்தோமா என்பது மறந்திருக்கும். அப்போது காகிதம் உதவும்.

இது அவசரக்காரர்களுக்கான கையேடு அல்ல. அவர்களுக்கென்றே பலகையில் பளிச்சென்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்திவிட்டு அவர்கள் போகலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், எல்லாம் தெரிந்துகொண்டு விடுவார்கள். மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். தேவையானவை: கம்ப்யூட்டர் அல்லது செல்போன் ஒன்று, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தைப் படிக்கத்தக்க மூக்குக்கண்ணாடி, ஃப்ளாஸ்க்கில் காபி, ஐரோப்பியச் சட்டத்தில் கொஞ்சம் பரிச்சயம். கடைசிப் பொருள் வீட்டில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கீழே தருகிறேன்.

எதிராளியின் ஜாதகம்

வெப் சர்வர் என்பது ஞாபகசக்தியே இல்லாத பிறவி. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாது. சட்டையை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு பேன்ட் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் கூடையும் இருக்காது, சட்டையும் இருக்காது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டூலி என்ற இளைஞர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வர் ஒரு சின்னக் குறிப்பை எழுதி உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிடும். அடுத்த முறை நீங்கள் போகும்போது பிரௌசர் அந்தக் குறிப்பைக் காட்டும். ‘ஓ, நீங்களா’ என்று சர்வருக்குப் புரிந்துவிடும். அந்தக் குறிப்புதான் குக்கி.

ஒரு தளம் வைத்த குக்கியை இன்னொரு தளம் படிக்க முடியாதபடிதான் அவர் செய்திருந்தார். ஆனால் ஒரு பக்கத்துக்குள் வேறொரு கம்பெனியின் விளம்பரப் படத்தைப் பதிக்கலாமே. அந்தப் படத்தோடு அந்தக் கம்பெனியின் குக்கியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே கம்பெனியின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால், காலையில் முழங்கால் வலி பற்றியும் மத்தியானம் வீட்டுக் கடன் பற்றியும் ராத்திரி விவாகரத்துச் சட்டம் பற்றியும் படித்தவர் ஒரே ஆசாமி என்று அது கோத்துக்கொள்ளும். இதற்குத்தான் மூன்றாம் தரப்புக் குக்கி என்று பெயர்.

இப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லையா என்றால், எதிர்பார்த்தார்கள். 1997 பிப்ரவரியில் வந்த முதல் குக்கித் தரநிலை ஆவணமே, பிரௌசர்கள் இப்படிப்பட்ட குக்கிகளைத் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று சொன்னது. பிரௌசர் தயாரித்தவர்கள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அனுமதித்தார்கள்.

பிறகு ஐரோப்பா வந்தது. 2002இல் ஒரு சட்ட நெறி. அதை 2009இல் திருத்தி, பயனரின் கருவியில் எதையாவது எழுதி வைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அவர் சம்மதத்தைப் பெற வேண்டும் என்றார்கள். 2018 மே 25 அன்று ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்து, சம்மதம் என்றால் என்ன என்பதை இறுக்கிக் கட்டியது: அது சுயவிருப்பத்தோடு, விஷயம் தெரிந்து, ஐயத்துக்கு இடமில்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். மீறினால் 2 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது அபராதம்.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பலகை வை’ என்று இந்தச் சட்டங்களில் எங்குமே இல்லை. லாகின், கூடை, மொழித் தேர்வு போன்ற, தளம் இயங்கவே தேவையான குக்கிகளுக்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்றுதான் இருக்கிறது. வேவு பார்க்காதவன் அனுமதி கேட்க வேண்டாம். 2020 டிசம்பரில் கிட்ஹப் தளம் அவசியமில்லாத குக்கிகள் அத்தனையையும் தூக்கிவிட்டது. கூடவே பலகையையும் தூக்கிவிட்டது. லட்சக்கணக்கான மென்பொருள் எழுத்தாளர்கள் அன்றாடம் புழங்கும் தளம் அது. அதன்பிறகும் நடந்துகொண்டுதான் இருந்தது, இருக்கிறது.

மற்ற தளங்களுக்கு இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று கேட்கிறீர்கள். தோன்றியிருக்கும். எதையும் நிறுத்தாமல், கேட்கிற விதத்திலேயே எல்லோரையும் தலையாட்ட வைக்க முடியுமென்றால் எதற்கு நிறுத்த வேண்டும்? எரிச்சலில் நாம் திட்டுவதும் பலகையை வைத்தவனை அல்ல, பிரஸ்ஸல்ஸில் சட்டம் போட்டவனை. இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வியாபாரத்தில் அபூர்வம்.

பட்டன் பார்க்கும் கலை

சரி, பலகை வந்துவிட்டது. பதறாதீர்கள். முதலில் நிறம் பாருங்கள். பச்சையோ நீலமோ, நிறைந்த வண்ணத்தில், கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில் இருப்பது ‘அக்செப்ட் ஆல்’. அதற்குப் பக்கத்தில், பெட்டியா எழுத்தா என்று சந்தேகம் வரும்படி இருப்பது ‘மேனேஜ் ஆப்ஷன்ஸ்’. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றும் தெரியவில்லையா? சில பலகைகளில் அது இருக்கும். இருக்கிற இடம்தான் வேறு. பிரெஞ்சுத் தளம் என்றால் வலது மேல் மூலையைப் பாருங்கள். ‘ஏற்காமல் தொடர்க’ என்று பிரெஞ்சில் பொடி எழுத்தில் ஓர் இணைப்பு ஒளிந்திருக்கும். வேறு சிலவற்றில் அது நான்காவது வாக்கியத்தின் நடுவே, அடிக்கோடு கூட இல்லாமல், பத்தியோடு பத்தியாகக் கலந்து கிடக்கும். பத்தியை முழுதும் படிக்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற பரிசு.

இந்த நிற வித்தை அழகுணர்ச்சியால் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 2020இல் எம்.ஐ.டி., லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் மூன்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் 10,000 தளங்களை எடுத்து, அவற்றில் பிரபலமான ஐந்து கம்பெனிகளின் ரெடிமேட் பலகைகளை வைத்திருந்த தளங்களைப் பரிசோதித்தார்கள். சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தவை 11.8 சதவீதம். இன்னொன்றும் சோதித்தார்கள்: மறுப்பு பட்டனை முதல் திரையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? சம்மதிப்பவர்களின் விகிதம் 22, 23 சதவீதப் புள்ளிகள் கூடியது. ஒரு பட்டனை ஒரு திரை தள்ளி வைத்ததற்குக் கிடைத்த கூலி அது. மனிதர்களின் கொள்கை மாறவில்லை, பொறுமைதான் தீர்ந்தது.

அந்த ஒரு திரைக்கு என்ன விலை என்பதும் பதிவாகியிருக்கிறது. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சி.என்.ஐ.எல்., 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. குற்றம் என்னவென்றால், ஏற்பதற்கு ஒரு க்ளிக், மறுப்பதற்குப் பல க்ளிக். அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் ஐரோப்பாவில் ‘ரிஜெக்ட் ஆல்’ பட்டனை வைக்கப்போவதாகச் சொன்னது. உலகின் மிகச் சிறந்த இன்ஜினீயர்கள் நிறைந்த கம்பெனிக்கு அந்த ஒரு பட்டனை எங்கே வைப்பது என்று அதுவரை பிடிபடவில்லை போலிருக்கிறது.

முன்பெல்லாம் இன்னும் சுலபமாக இருந்தது. சம்மதக் கட்டத்தில் டிக் அடித்தே வைத்திருப்பார்கள், வேண்டாதவர் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் இணையப் பரிசுப் போட்டி நடத்திய பிளானட்49 என்ற கம்பெனி இப்படிச் செய்து, வழக்கு லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது: முன்கூட்டியே அடித்த டிக் சம்மதம் ஆகாது. அன்றிலிருந்து டிக் வழக்கொழிந்து, அந்த இடத்தில் இடமும் வலமும் நகரும் ஸ்விட்ச்கள் வந்தன. சாம்பல் நிறத்தில் இடப்பக்கம் இருந்தால் அணைந்திருக்கிறதா, எரிகிறதா? இரண்டு ஸ்விட்ச் இருந்து ஒன்று கருநீலம், இன்னொன்று வெளிர்நீலம் என்றால் எது எது? எதற்கும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். இப்போது எது மாறியது என்று மறந்துவிட்டால் இன்னொரு தடவை தட்டுங்கள். தட்டியதில் இரட்டைப்படை வந்தால் ஆரம்பித்த இடத்துக்கே வந்திருக்கிறீர்கள்.

சில தளங்கள் மனசாட்சியைத் தட்டும். மறுப்பு பட்டனில் ‘வேண்டாம்’ என்று மட்டும் போட்டால் போதாதா? ‘எனக்குச் சம்பந்தமில்லாத விளம்பரங்களே போதும்’ என்று எழுதியிருப்பார்கள். வெட்கப்படாமல் அழுத்துங்கள். சம்பந்தமில்லாத விளம்பரம் என்பது வாழ்க்கையில் கிடைக்கிற சில நிம்மதிகளில் ஒன்று. பத்திரிகையைப் புரட்டும்போது டிராக்டர் விளம்பரம் வந்தால் நமக்கு நிலம் இல்லை என்று யாரும் வருத்தப்பட்டதில்லை.

நெருங்கிய சொந்தம் மட்டும்

‘மேனேஜ் ஆப்ஷன்ஸ்’ உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்றால் பாராட்டுகள். பெரும்பாலோர் இவ்வளவு தூரம் வருவதில்லை. இங்கே உங்களை வரவேற்பது ‘நாங்களும் எங்கள் கூட்டாளிகளும்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம். கூட்டாளிகள் எத்தனை பேர்? நானூறு இருக்கலாம், எண்ணூற்றுச் சொச்சமும் இருக்கலாம். ‘நெருங்கிய சொந்தம் மட்டும்தான் வருவோம்’ என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எட்டு பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. அதுவும் இந்த எண்ணிக்கை தெரிவதே ஒரு சமீபத்திய சலுகை. விளம்பரத் துறையின் ஐரோப்பியச் சங்கமான ஐ.ஏ.பி. யூரோப் தன் சம்மத விதிமுறையை 2023இல் திருத்தியபோதுதான், கூட்டாளிகள் மொத்தம் எத்தனை பேர் என்பதை முதல் திரையிலேயே சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்தது.

இப்போது ‘விஷயம் தெரிந்து’ சம்மதிக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒவ்வொரு கூட்டாளியின் தனியுரிமைக் கொள்கையையும் படிக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே இணைப்பு இருக்கிறது, குறையே இல்லை. 2008இல் அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டார்கள்: ஒருவர் தாம் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை மட்டும் படித்து முடிக்க ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது கூட்டாளிகள் இப்படிப் பெருகுவதற்கு முந்தைய கணக்கு. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை என்று வைத்தால் ஐந்து வார விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘எலுமிச்சை கேக்’ என்று எழுதலாம்.

படிக்கப் பொறுமையில்லாதவர் நேரே ஸ்விட்ச்களுக்கு வரலாம். எல்லாம் அணைந்துதான் இருக்கும். ‘பரவாயில்லையே’ என்று திருப்தியோடு வெளியே வந்துவிடாதீர்கள். மேலே இரண்டாவதாக ஒரு டேப் இருக்கிறது: ‘லெஜிட்டிமேட் இன்ட்ரெஸ்ட்’. அங்கே அதே கூட்டாளிகளில் பலர் மறுபடி வரிசையில் நிற்பார்கள், ஸ்விட்ச் எரிந்தபடி. சட்டத்தில் ஒரு வழி உண்டு. தமக்கு நியாயமான தேவை இருக்கிறது என்று ஒரு கம்பெனி கருதினால், உங்கள் சம்மதம் இல்லாமலே சில காரியங்களைச் செய்யலாம், நீங்கள் ஆட்சேபம் சொல்லும்வரை. முதல் டேப்பில் உங்களிடம் கேட்டார்கள், நீங்கள் மறுத்தீர்கள். இரண்டாவது டேப்பில் கேட்கவே இல்லை. ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம் என்று வைத்திருக்கிறார்கள். முன்பு விளம்பரங்களை ஆளுக்கேற்றபடி வடிவமைக்கவும் இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். அதே 2023 திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. விளம்பரத்தின் பலனை அளப்பது போன்ற காரியங்களுக்கு வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. ‘அப்ஜெக்ட் ஆல்’ என்ற பட்டன் இருந்தால் உங்கள் நல்ல நேரம். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். காபியைத் திறக்க வேண்டிய கட்டம் இதுதான்.

அத்தனையும் அணைத்தாயிற்று. மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நேரம் இப்போதுதான். பக்கத்தின் அடியில் மறுபடி இரண்டு பட்டன்கள் இருக்கும். பெரியது, வண்ணமுள்ளது, நீங்கள் இவ்வளவு நேரம் தேடிய ‘சேவ்’ பட்டன் என்று நீங்கள் நம்புவது: ‘அக்செப்ட் ஆல் அண்ட் க்ளோஸ்’. உங்கள் உழைப்பைச் சேமிக்கும் பட்டன் பக்கத்தில் வெளிறிப்போய் நிற்கும். விரலைத் துடைத்துக்கொண்டு, குறிபார்த்து, அழுத்துங்கள்.

மறுத்தவரின் கதி

மறுத்துவிட்டீர்கள். அந்த மறுப்பைத் தளம் எங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளும்? ஒரு குக்கியில்தான். ஆகவே தினமும் பிரௌசரை மூடும்போது குக்கிகளையெல்லாம் துடைத்துவிடுகிற, சுத்தம் பேணுகிற ஆசாமியிடம் தினமும் புதிதாகக் கேட்பார்கள். பிரைவேட் விண்டோவில் போகிறவரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். அந்தரங்கத்தைப் பற்றி எவ்வளவுக்கெவ்வளவு அக்கறைப்படுகிறீர்களோ, அவ்வளவுக்கவ்வளவு அதைப் பற்றி உங்களிடம் விசாரிப்பார்கள். ஒரே ஒரு முறை ‘அக்செப்ட் ஆல்’ அழுத்தியவரைத் தொந்தரவு செய்வதில்லை. ஏற்றாலும் மறுத்தாலும் ஒரே அளவு காலம், அதாவது ஆறு மாதம், ஞாபகம் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம் என்று சி.என்.ஐ.எல். சொல்கிறது. நல்ல வழக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறது.

சில இடங்களில் மறுக்கலாம், ஆனால் காசு கொடுத்துதான் மறுக்க வேண்டும். 2018இல் வியன்னாவின் ‘டெர் ஷ்டாண்டர்ட்’ நாளிதழ், குக்கிக்குச் சம்மதியுங்கள் அல்லது சந்தா கட்டுங்கள் என்றது. ஜெர்மன் பத்திரிகைகள் பல அந்த வழியில் போயின. 2023 நவம்பரில் மெட்டா நிறுவனம் ஐரோப்பாவில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு இதையே கொண்டுவந்தது. வெப்பில் பார்க்க அப்போது மாதம் 9.99 யூரோ. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இதற்காக மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம் போட்டது. இதில் ஓர் ஆறுதல் உண்டு: நம்மை வேவு பார்க்காமல் இருப்பதற்கு என்ன விலை என்று முதல்முறையாகப் பைசா சுத்தமாகத் தெரிந்தது. பத்திரிகைகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, நிருபருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மெட்டாவின் மேல் அந்த இரக்கம் வரவில்லை.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய சாமான்கள்

பிரௌசரே நமக்காக ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் என்ன, இத்தனை பாடு எதற்கு என்று புத்திசாலி மாணவர் கேட்பார். நல்ல கேள்வி, 2009இலேயே கேட்டுவிட்டார்கள். ‘டூ நாட் டிராக்’ என்று பெயர். பிரௌசரில் ஒரு தடவை ஆன் செய்தால், போகிற இடமெல்லாம் ‘என்னைப் பின்தொடராதே’ என்று அது சொல்லிக்கொண்டே போகும். பெரிய பிரௌசர்கள் எல்லாமே சேர்த்துக்கொண்டன. தளங்கள் அதைக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லாததால் அநேகமாக யாரும் கேட்கவில்லை. 2012இல் மைக்ரோசாஃப்ட் தன் பிரௌசரில் அதைத் தானாகவே ஆன் செய்து வைத்தபோது, ‘இது பயனரின் விருப்பம் அல்லவே’ என்று விளம்பரத் துறைக்குத் திடீரென்று பயனரின் விருப்பத்தில் அக்கறை வந்துவிட்டது. 2019 ஜனவரியில் அதற்கான தரநிலைக் குழுவைக் கலைத்தார்கள். ஆப்பிள் சஃபாரியிலிருந்து அதை எடுத்ததற்குச் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்தது: ‘என்னைப் பின்தொடராதே’ என்ற அந்தக் குறிப்பையே ஓர் அடையாளமாக வைத்து ஆளைப் பின்தொடர முடியும்.

அடுத்து, பலகையை விரட்டும் எக்ஸ்டென்ஷன்கள். ‘ஐ டோன்ட் கேர் அபௌட் குக்கீஸ்’ என்ற ஒன்று மிகவும் பிரபலம். பலகையை மறைக்கும், மறைக்க முடியாத இடத்தில் எது சுலபமோ அந்தப் பதிலைச் சொல்லிவிடும். எது சுலபம் என்பது மேலே பட்டன் பாடத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். 2022இல் அதை அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி வாங்கியது. பயனர்களின் பிரௌசிங் விவரங்களை விற்றதற்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னதே, அதே அவாஸ்ட். கைமாறியதுமே வேறு சிலர் பழைய நிரலை எடுத்து ‘ஐ ஸ்டில் டோன்ட் கேர்’ என்று தனியாக ஒன்று வெளியிட்டுவிட்டார்கள். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் செய்த ‘கன்சென்ட்-ஓ-மேட்டிக்’ கொஞ்சம் மரியாதைப்பட்ட சாமான்: உங்கள் பதில் என்னவென்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, பலகையின் உள்ளே போய் ஸ்விட்ச்களைத் தானே தட்டிவிட்டு வரும். ‘யூபிளாக் ஆரிஜின்’ வைத்திருப்பவர்கள் அதன் செட்டிங்ஸில் குக்கி அறிவிப்புகளுக்கான பட்டியலை ஆன் செய்தால் போதும். பலகையே வராது. பலகையைப் பார்க்காமல் போனால் சம்மதித்ததாக ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பிளானட்49 தீர்ப்புப்படி மௌனம் சம்மதம் அல்ல. நம் ஊர்ப் பழமொழி லக்ஸம்பர்கில் செல்லாது.

எக்ஸ்டென்ஷன் போடத் தெரியாதவர் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் இருக்கும் ரீடர் வியூவை அழுத்திப் பார்க்கலாம். பல பக்கங்களில் பலகை, விளம்பரம், பக்கவாட்டு வீடியோ எல்லாம் போய்க் கட்டுரை மட்டும் நிற்கும்.

பொறுமைதான் மருந்து என்று நினைப்பவர்கள் க்ரோமின் வரலாற்றைப் படிக்கலாம். மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுக்குள் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. 2021இல் அது 2023 ஆனது. 2022இல் 2024 ஆனது. 2024 ஏப்ரலில் 2025 ஆனது. அதே ஆண்டு ஜூலையில், ஒழிப்பதில்லை, பயனரையே கேட்டுவிடுவோம் என்றார்கள். 2025 ஏப்ரலில், கேட்கவும் போவதில்லை என்றார்கள். சஃபாரி 2020 மார்ச்சிலேயே அவற்றை முழுக்கத் தடுத்துவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சஃபாரிக்காரர்களுக்கு விளம்பரம்தான் பிழைப்பு என்ற நிலை இல்லை.

புகார் கொடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு முன்னோடி ஆஸ்திரியாவின் மாக்ஸ் ஷ்ரெம்ஸ். அவருடைய ‘நாய்ப்’ அமைப்பு 2021 மே 31 அன்று, சட்டத்துக்குப் புறம்பான பலகை வைத்திருந்த 500க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குப் புகாரின் வரைவை அனுப்பி, ஒரு மாதத்துக்குள் திருத்திக்கொள்ளுங்கள் என்றது. திருந்தாதவர்கள் மேல் ஆகஸ்டில் 422 புகார்கள் பதிவாயின. தனிமனிதர் இதைச் செய்ய வக்கீல் படிப்பும் வியன்னாவில் அலுவலகமும் இருந்தால் நல்லது.

அடுத்த பருவத்துக்கான முன்னோட்டம்

பலகைகளை வைத்து நடக்கும் கூத்து ஐரோப்பிய ஆணையத்துக்கும் எட்டிவிட்டது. 2025 நவம்பர் 19 அன்று ஒரு சட்டத் திருத்த யோசனையை முன்வைத்தது: மறுக்க ஒரே க்ளிக் போதும், மறுத்தவரிடம் ஆறு மாதம் திரும்பக் கேட்கக் கூடாது, பிரௌசர் சொல்லும் விருப்பத்தைத் தளங்கள் ஏற்க வேண்டும். ‘டூ நாட் டிராக்’ செத்த பிறகு அதற்குச் சட்டத்தின் வாயால் உயிர் கொடுக்கும் முயற்சி இது. ஒரு சின்ன விலக்கு உண்டு: பிரௌசர் சொல்வதை ஊடக நிறுவனங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆக, லார்ட்ஸ் ஸ்கோருக்குக் காகிதம் வேண்டும். கேக்குக்கு ஒருவேளை வேண்டியிராது.

நம் பக்கமும் வருகிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். கம்பெனிகள் முக்கியக் கடமைகளுக்குத் தயாராகப் பதினெட்டு மாத அவகாசம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் நாம் விரும்பும் ஒன்றிலோ பார்க்க வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அறிவிப்பு தமிழில் வருகிறபோது ‘ஏற்கிறேன்’ மட்டும் தமிழிலும் ‘மறுக்கிறேன்’ இரண்டு திரை தள்ளி ஆங்கிலத்திலும் இருந்தால், புகார் எழுதுங்கள். அதையும் தமிழிலேயே எழுதுங்கள்.

அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. க்ரோமில் செட்டிங்ஸ் போய், ‘ப்ரைவஸி அண்ட் செக்யூரிட்டி’யில் ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’ என்பதைத் திறந்து, அவற்றை பிளாக் செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பலகை அதனால் நிற்காது, வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அசதியில் என்றாவது ஒரு நாள் நீங்கள் அந்தப் பச்சை பட்டனை அழுத்திவிட்டாலும், எண்ணூறு கூட்டாளிகளில் பெரும்பாலோரின் குக்கி வாசலிலேயே நின்றுவிடும்.